சம்பந்தியைக் கொல்லைப்பக்கம் வரவைத்த கழுத்து

கொரோனா அடங்கி, விட்டுப்போன திருவிழாக்களை எல்லாம் ஊர்கள் சேர்த்து வைத்துக் கொண்டாடிய வருடம் அது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு மைக் செட் கடை. பாடாலூரிலிருந்து திருமானூர் வரைக்கும் எந்த ஊரில் காதுகுத்து, வளைகாப்பு என்றாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது நான்தான். அறிவிப்பு கொடுக்கிற சாக்கில் மைக்கைப் பிடித்து நாலு பேரைக் கிண்டலடித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதும் நான்தான். எதற்கும் அசராத ஆள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை மைக்கில் சொல்லிச் சொல்லிப் பரப்பியதும் நானேதான்.

அப்பா, அம்மா இல்லை. அதனால் என் தங்கச்சிக்குத் தாய்வீடு என்றால் அது என் வீடு. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தவள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கையில் கொடுத்தாள். எங்கள் பையன்கள் ஹாஸ்டலுக்குப் போய் வெறிச்சென்று கிடந்த வீடு. நானும் என் மனைவியும் அந்தக் குழந்தையைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

மச்சானுக்கு அனுப்புவதற்காகத் தினமும் போட்டோ எடுப்பேன். எல்லாப் போட்டோவிலும் குழந்தை ஒரே மாதிரி இருக்கும். தலை இடது தோள் பக்கம் சாய்ந்திருக்கும், முகம் வலது பக்கம் திரும்பியிருக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர் மாதிரி ஒரே பக்கம் வேடிக்கை. 'தாய்மாமன் ஸ்டைல்' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒரு வளைகாப்பில் மைக்கிலேயே சொன்னேன். நல்ல சிரிப்பு.

ஒருநாள் காலையில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க தொட்டுப் பாரு."

தொட்டேன். கழுத்தின் இடப்பக்கம், தோலுக்குள், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது கொஞ்சம். மீதியை என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோக்காரர் "எங்கண்ணே?" என்று கேட்டதற்கு நான் "கடைக்கு" என்றேனாம். பின்னாலிருந்து அவள்தான் "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாளாம். என் இடது காலில் என் செருப்பு, வலது காலில் அவள் செருப்பு. டாக்டர் "குழந்தைக்கு என்ன?" என்று கேட்டபோது, வாயை விற்றுப் பிழைக்கிற எனக்குக் காற்றுதான் வந்தது. என் முகத்தைப் பார்த்த நர்ஸ் பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு குழந்தையைத் தாண்டி என்னிடம் வந்தார். அன்றைக்கு அந்த ரூமில் முதலில் படுக்க வைக்கப்பட்ட ஆள் நான்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். பயப்படும்படியான கட்டி இல்லை. கழுத்தின் இடப்பக்கத் தசை இறுகி முடிச்சு மாதிரி ஆகியிருக்கிறது. அது இழுப்பதால் தலை அந்தப் பக்கம் சாய்கிறது, முகம் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. பிறக்கும்போதே சில குழந்தைகளுக்கு இப்படி இருக்கும். "இதுக்கு மருந்து கிடையாதுங்க. பயிற்சிதான். விடாம செஞ்சா சரியாயிடும்."

நான் 'மருந்து கிடையாது' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் தங்கச்சி 'விடாம செஞ்சா' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பயிற்சி சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி மேடத்துக்கு என் கடை மைக் எதுவும் தேவைப்படாத குரல். குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஒருவர் தோள்களை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முகவாயை மெதுவாக இடது தோள் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து விட வேண்டும். அப்புறம் வலது காதை வலது தோளுக்குச் சாய்க்க வேண்டும். முழித்திருக்கும்போது கூட இருந்து பார்த்துக்கொண்டே குப்புறப் போட வேண்டும். இழுக்கக் கூடாது, வெடுக்கென்று திருப்பக் கூடாது, குழந்தை எதிர்த்து முறுக்கினால் விட்டுவிட்டு ஆறவைத்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

தோள் பிடிக்கிற வேலைக்கு என்னை நியமித்தார்கள். தோளா அது, எலுமிச்சம்பழம். அதைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்து மேடம் சொன்னார்: "சார், பாப்பா நல்லாத்தான் மூச்சு விடுது. நீங்கதான் விடல."

வீட்டுக்கு வந்து ஆரம்பித்தோம். தங்கச்சி குழந்தையின் முகத்தை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் என் கழுத்தும் கூடவே திரும்பும். நான் திரும்பினால் குழந்தையும் திரும்பிவிடும் என்று என் உடம்பு நினைத்துக்கொண்டது போல. கொஞ்ச நாள் ஆகியும் குழந்தையின் கழுத்து இம்மியும் மாறவில்லை. என் கழுத்து பிடித்துக்கொண்டது. பாடாலூரில் ஒரு கல்யாணத்தில் மணமேடை இருந்த பக்கம் முகத்தைத் திருப்ப முடியாமல், பந்தியைப் பார்த்துக்கொண்டே மணமக்களை வாழ்த்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அடுத்த முறை மேடத்திடம் போனபோது நம் திறமையைக் காட்டுவோம் என்று நினைத்தேன். பாயில் கிடந்த குழந்தை வழக்கம்போல வலது பக்கம் பார்த்தது. நான் ஓடிப்போய் அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, மைக் டெஸ்ட் பண்ணுகிற குரலில், "அலோ... செக்... செக்" என்றேன். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. உலகத்தில் எதற்குச் சிரிக்காவிட்டாலும் அதற்கு மட்டும் சிரிக்கும். நான் பெருமையாக மேடத்தைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "சார், அவ பாக்குற பக்கமே நீங்க போய் நின்னுக்கிட்டா, அவ எதுக்குத் திரும்பணும்?"

இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கூட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போய் நிற்பது. அதையேதான் வீட்டிலும் செய்துகொண்டிருந்தேன். குழந்தையின் சிரிப்பு எனக்குக் கிடைத்தது. அவள் கழுத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் எப்படிப் படுக்க வைக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். கூடத்தில் தெற்கே தலைவைத்து. அப்படிப் படுத்தால் வலது பக்கம் கிழக்கு வாசல். வெளிச்சம், வருகிற ஆள், டிவி எல்லாம் அந்தப் பக்கம். இடது பக்கம் வெறும் சுவர், அதில் கொல்லைக் கதவு. "அப்ப ரொம்பச் சுலபம்" என்றார் மேடம். "தலைமாட்ட மாத்திப் படுக்க வைங்க. வாசல் இடது பக்கம் வந்துரும்."

தலைமாட்டை மாற்றினால் தலை வடக்கே போகும். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வடக்க தலையா? அந்தப் பேச்சே வேணாங்க" என்றாள் என் மனைவி, பஸ் ஏறும்போதே. மைக்கில் சகுனம், ராகுகாலம் எல்லாவற்றையும் நக்கலடிக்கிற ஆள் நான். எனக்கும் துணிச்சல் வரவில்லை. பிணத்தைக் கிடத்துகிற திசையில் குழந்தையைக் கிடத்துவதா? கிழக்கே தலைவைத்துக் குறுக்கே போட்டால் கூடத்தில் நடக்க வழியில்லை, அப்படிப் படுத்தால் வாசல் பக்கவாட்டிலும் வராது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கச்சிதான் சொன்னாள்:

"புள்ளையத் திருப்ப வேணாம் அண்ணி. வாசலத் திருப்பிடுவோம்."

திருப்பினோம். அன்றைக்கே கிழக்கு வாசலைச் சாத்தித் தாழ் போட்டோம். கொல்லைக் கதவு தலைவாசல் ஆனது. டிவி மேற்குச் சுவருக்குப் போனது. டியூப்லைட் அங்கே போனது. கடையிலிருந்து சீரியல் பல்பு, ஜிகினாத் தோரணம் எல்லாம் கொண்டுவந்து இடது பக்கத்தைத் தேர்த்திருவிழா ஆக்கினேன். பால்காரர், கேபிள்காரர், நான், யாராக இருந்தாலும் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, முருங்கை மரத்தைத் தாண்டி, துவைக்கிற கல்லை ஒட்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். மச்சானின் வீடியோ காலைக்கூட இடது பக்கம்தான் பிடிப்போம். பட்டப்பகலில் சாத்திக் கிடந்த வாசலைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு செய்து, நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டுப் போனார்.

இதெல்லாம் சுலபமான பகுதி. கஷ்டம் இனிமேல்தான்.

நான் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து, "அலோ... செக்... செக்" என்பேன். அவளுக்குக் கேட்கும். கண்மணி இரண்டும் ஓரத்துக்கு ஓடி வரும். கழுத்து வராது. உதடு பிதுங்கும். 'ஏன் அங்கே நிற்கிறாய், இங்கே வா' என்று அழுவாள். நான் எழுந்து வலது பக்கம் ஓடப் பார்ப்பேன். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"அண்ணே, நில்லு. அங்கயே நின்னு பேசிக்கிட்டே இரு."

"அழுவுதும்மா."

"தூக்கி ஆத்திட்டுத் திரும்ப ஆரம்பிப்போம். ஆனா நீ பக்கம் மாறாத."

கூட்டம் சிரிக்காவிட்டால் ஜோக்கை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். ஒரே இடத்தில் நின்று, யாரும் திரும்பாமல், ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்த நிலைமையில்தான், மருமகளையும் பேத்தியையும் ஊருக்கு அழைத்துப் போகத் தங்கச்சியின் மாமனார் வந்தார். திருமானூர்ப் பக்கம் கரும்பு விவசாயம். அதிகம் பேசாதவர், மரியாதை பார்க்கிறவர். அரியலூர் வந்து பஸ் மாறி, ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வாசல் கதவைத் தட்டினார். நான் தோள் பிடிக்கிற வேலையில் இருந்தேன். எழுந்து போகாமல் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன்.

"மாமா, கொல்லைப்பக்கமா வாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பெண் எடுத்த வீட்டுக்கு முதல்முதலாகப் பேத்தியைப் பார்க்க வருகிற சம்பந்தியை, வாசலைச் சாத்திக்கொண்டு, கொல்லைப்பக்கம் வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இதற்காகவே பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

சிணுங்கிய குழந்தைக்கு "செக்... செக்" சொல்லிக்கொண்டே கொல்லைக் கதவைப் பார்த்தேன். பிறகு முருங்கை மரத்தடியில் வாழைத்தாரோடு தெரிந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டும்போது வேட்டி நனைந்தது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"கொல்லப்பக்கமா வரச் சொல்ற அளவுக்கு நாங்க என்ன தம்பி செஞ்சுட்டோம்?"

அந்த நேரத்தில் கிண்டலை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே. நான், "வாசல் லீவுல இருக்கு மாமா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வாழைத்தாரை இறக்கி வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

தங்கச்சி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே குழந்தையைப் பார்த்தார். நேரம் பார்த்துப் பேத்தி அழ ஆரம்பித்தாள். என் கை இரண்டும் அவள் தோளில்.

"பச்சப்புள்ளைய ரெண்டு பேரா அமுக்கி வெச்சிருக்கீங்களே. எங்க ஊர்ல சுளுக்கு எடுக்குறவர் ஒருத்தர் இருக்காரு. எண்ணெயத் தடவி ஒரு இழுப்பு, அம்புட்டுத்தான். நான் கூட்டிட்டுப் போறேன்."

மேடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: யார் சொன்னாலும் குழந்தையின் கழுத்தை வெடுக்கென்று இழுக்க விட்டுவிடாதீர்கள், அது பெரிய ஆபத்தில் முடியும். இதைச் சொல்ல வேண்டியவன் தாய்மாமன் நான். வாசலை வைத்து அவரை அவமானப்படுத்திவிட்ட பயத்தில் என் வாய் திறக்கவில்லை. தங்கச்சி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இழுக்கக் கூடாதுங்க மாமா. டாக்டரும் சொல்லிட்டாங்க. நீங்க நம்ம கோயில்ல காதுகுத்துக்கு நாள் வைங்க. புள்ளைக்குப் பதினோராம் மாசத்துல. அன்னைக்கு அவ தானாவே ரெண்டு பக்கமும் திரும்புவா."

"திரும்பலன்னா?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்பலன்னா நான் தூக்கிட்டுப் போயிருவேன் தாயி. அப்ப யாரும் தடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏம்மா இப்படி நாளக் குறிச்ச?" என்று கேட்டேன்.

"நாள் குறிச்சாத்தான் நீ ஓடாம நிப்ப."

நின்றேன். டயபர் மாற்றும்போது, பால் குடித்து முடித்த கொஞ்ச நேரத்துக்கு அப்புறம், குளித்த பின் என்று ஒவ்வொரு தடவையும் தோள் பிடித்தேன். விசேஷத்துக்குக் குழாய் கட்டிவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, பைக்கில் வீட்டுக்கு ஓடிவந்து இடது பக்கம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் போவேன். குப்புறப் போட்டால் அவள் மூக்கைத் தரையில் வைத்துக் கத்துவாள். எதிரில் நானும் குப்புறப் படுத்துக்கொள்வேன். தொப்பையை வைத்துக்கொண்டு குப்புறப் படுப்பதில் எனக்கும் அவளுக்கும் ஒரே கஷ்டம்தான். யார் முதலில் தலையைத் தூக்குவது என்று போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள்.

அது சோளம் உடைக்கிற காலம். ஒரு மத்தியானம், அலைந்துவிட்டு வந்து அவளுக்கு இடது பக்கம் தரையில் அப்படியே மல்லாந்துவிட்டேன். பேசவில்லை, செக் சொல்லவில்லை, கண்ணை மூடிக் கிடந்தேன். யாரோ பார்ப்பது போல இருந்தது. கண்ணைத் திறந்தேன். முகம் முழுசாகத் திரும்பி, கன்னம் பாயில் பட, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்ன, இன்றைக்குக் கச்சேரி இல்லையா' என்பது போல.

நான் மூச்சு விடவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயம். அடுப்படியிலிருந்து என் மனைவி, "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள். நான் குழந்தையின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேடம் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம் என்றார். ஆனால் விட்டுவிடாதீர்கள் என்றார். களைத்துப் போனாலோ, அழுதாலோ பழைய பக்கத்துக்கே போகும், இன்னும் கொஞ்ச காலம் அப்படித்தான் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டு நான் காதுகுத்துக்குப் போனேன்.

சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் அரியலூரைத் தாண்டி, கொள்ளிடக்கரைப் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயில். மொட்டை போடும்போது அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். முடி எடுத்தவர் தானே சுற்றிச் சுற்றி வந்து முடித்துவிட்டார். காது குத்த ஆசாரி முன்னால் வந்து உட்கார்ந்தபோது முழித்துக்கொண்டாள். பெண் குழந்தைக்கு இடது காது முதலில். வலப்பக்கம் சொந்தக்காரர்கள் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு நிற்க, அவளும் அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காது வசமாகக் கிடைத்தது. முடிந்தது.

அவ்வளவுதான். வீறிட்டு அழுதாள். அழுதபடியே முகம் வலது பக்கம் போய் இறுகிக்கொண்டது. தலை இடது தோளில் சாய்ந்தது. அந்த முதல் போட்டோவில் இருந்த அதே சாய்வு. வலது காது என் மார்புக்குள் புதைந்துவிட்டது. ஆசாரி கம்பியோடு காத்திருந்தார்.

"தலையப் புடிச்சுத் திருப்புப்பா" என்றார் ஒருவர். இன்னொரு கை நீண்டது.

"யாரும் தொடாதீங்க." மைக் இல்லாமல் என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கூட்டம் பின்வாங்கியது. ஆனால் அடுத்து என்ன? இடது பக்கம் போய்க் கூப்பிட வேண்டிய ஆள் நான். நானோ மடியாக உட்கார்ந்திருக்கிறேன். குத்துவதைப் பார்க்க முடியாது என்று தங்கச்சி கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். என் மனைவி சீர்த்தட்டோடு கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் எங்கே என்று கண்ணால் தேடினேன். வலப்பக்கக் கூட்டத்தில் அவர் இல்லை. சுளுக்கு எடுக்கிறவரிடம் தூக்கிப் போக ஏற்பாடு செய்யப் போய்விட்டாரோ?

அப்போது என் இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல். கரும்புக்கொல்லையில் பன்றி விரட்டுகிற குரலை வலுக்கட்டாயமாக அடக்கியது போல, வெட்கத்தோடு:

"அலோ... செக்... செக்."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார் மாமனார். அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. "அலோ... பாப்பா... செக்... செக்."

அழுகை பாதியில் நின்றது. முதலில் கண் வந்தது. பிறகு மெதுவாக, என் நெஞ்சில் உரசிக்கொண்டே, முகம் முழுசாக இடது பக்கம் திரும்பியது. யாரும் தொடவில்லை. முகவாய் தோளுக்கு மேலே போய் நின்றது. கண்ணீரோடு அவரைப் பார்த்து அவள் வாயைத் திறக்கவும் ஆசாரி வேலையை முடித்தார்.

அவளைவிடச் சத்தமாக நான்தான் அழுதேன். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காது குத்துனது யாருக்குங்க?"

பந்தியில் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் பேசினார். "அன்னைக்குக் கொல்லப்பக்கமா வந்தேன்ல தம்பி, அப்பவே காதுல வுழுந்துச்சு. என்னடா இந்த மனுசன் வூட்டுக்குள்ள மைக் டெஸ்ட் பண்ணிக்கிட்டுக் கெடக்காருன்னு நெனச்சேன்." அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "கோவம் எனக்கு இன்னும் போவல. வாசல எப்பத் தொறப்பீங்க?" என்றார்.

மேடம் போதும் என்று சொன்ன அன்றைக்கு வாசலைத் திறந்தோம். இப்போது அவள் எந்தப் பக்கம் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள், பிடிக்காதவர் கூப்பிட்டால் முகத்தை வெட்டித் திருப்பியும் கொள்கிறாள். தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற நாட்களில் பேத்தியைப் பார்க்க வருகிற மாமனார் மட்டும், அகலத் திறந்து கிடக்கிற வாசலைத் தாண்டிப் போய், முருங்கை மரத்தைச் சுற்றி, துவைக்கிற கல்லை ஒட்டிக் கொல்லைப்பக்கமாகவே நுழைகிறார். அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஒரு பிஞ்சுக் கழுத்து கொஞ்சம் திரும்புவதற்காகப் பெரியவர்கள் நாங்கள் எவ்வளவு தூரம் சுற்றி வரப் பழகிக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.